மூன்றாம் ஜன்னலும் ஒரு நரம்பு மாத்திரையும்

"உங்க வீட்டு வாசல்ல இருக்குமே, அந்த... நீளமா, உருண்டையா, உள்ளே ஓட்டையா..." என்று மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் இரண்டு கைகளாலும் காற்றில் வரைந்து காட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற தையல்காரர் கவலையோடு பார்த்தார். "குழாயா மேடம்?"

"அதேதான். அது உடைஞ்சிருக்கா, கசியுதா?"

"கசியுது."

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார், மறந்தது தையல்காரர்தான் என்பது போல.

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவருக்குக் குழாய் என்ற சொல் மறந்துபோகலாமா? போய்விட்டது. முந்தின நாள் 'மீட்டர்' போயிருந்தது. அதற்கு முந்தின நாள் 'அடைப்பு' போய், அது திரும்பி வருவதற்குள் புகார் சொன்னவர் வீட்டில் அடைப்பே சரியாகிவிட்டது.

அந்தக் கூடத்தில் நான்கு புகார் ஜன்னல்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எண்ணால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கும்போதுகூட "ரெண்டு, நீ குடும்பத்தோட வரணும்" என்றுதான் சொல்வார்கள். நம்முடைய அம்மாள் மூணு.

மூணுவின் சொற்களைத் திருடியது ஒரு மாத்திரை. பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைக் குறை சொல்லவும் முடியாது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வலி இடுப்பில் கிளம்பும், இடது தொடையின் பின்பக்கமாக இறங்கும், குதிகாலில் போய் நிற்கும். சும்மா வலி இல்லை. உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி. மூன்று வருஷமாகப் பத்துக்கு எட்டு என்று இருந்த வலியை அந்த மாத்திரை ஐந்தே வாரத்தில் நான்குக்குக் கொண்டுவந்தது. எட்டுக்கும் நான்குக்கும் உள்ள தூரம், எட்டில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடிந்த முதல் நாள், மூணு அதே செருப்பை மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார்.

ஆனால் மாத்திரை வந்த வீட்டில் சும்மா இருக்கவில்லை. வாயை உலர வைத்தது. தலையை லேசாகச் சுற்ற வைத்தது. நடு வாக்கியத்தில் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

மூணு அசரவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில், ஸ்கேல் வைத்து, நான்கு கட்டம் கட்டினார். நேரம். மாத்திரை. வலி. கடைசிக் கட்டத்துக்கு 'இன்று போனவை' என்று தலைப்பு. ஒரு செவ்வாய்க்கிழமையில் அந்தக் கட்டம் இப்படி இருந்தது: 'குழாய். எதிர்வீட்டு எண். டீயில் சர்க்கரை போட்டேனா என்பது (இரண்டு தடவை போட்டிருக்கிறேன்).'

இவ்வளவு ஒழுங்கான மனுஷி இதை அலுவலகத்தில் சொல்லிவிட்டால் என்ன? சொல்ல முடியாது. காரணம், அடித்தளம்.

உடம்பு முடியாமல் ஜன்னல் வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனவர்களை அடித்தளத்தில் இருக்கும் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவது அந்த அலுவலகத்தின் விதி. அங்கே இருபது படி இரும்பு ஏணி ஒன்று இருக்கிறது, ஐம்பது வருஷத்துப் பதிவேடுகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம், ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும் என்று மேலே எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் யாரும் இல்லை. பார்க்கவும் வேண்டாம், ரெக்கார்டு ரூம்காரரைப் பார்த்தாலே போதும். அவருக்குப் 'பாதாளம்' என்று பெயர். புதன்கிழமை தோறும் கேட்ட கோப்புகளை எடுத்துக்கொண்டு மேலே வருவார். கேள்விக்குறி போல வளைந்து, ஒரு கை இடுப்பில், படிக்கு ஒரு "அம்மாடி".

"பார்த்தியா மூணு?" என்றார் ரெண்டு, பாதாளத்தின் முதுகைக் காட்டி. "எட்டு வருஷத்துக்கு முன்னால கீழே போகும்போது கம்பம் மாதிரி போன மனுஷன்."

"பாவம்."

"லேசா மூச்சு வாங்குதுன்னுதான் அனுப்பினாங்க. அவருக்கே இந்தக் கதின்னா, முதுகுவலின்னு போறவன் கதி என்ன ஆகும்?"

மூணுவுக்குக் குதிகால் வரை ஒரு ஸ்விட்சு போட்டு அணைந்தது. "எனக்கென்ன தெரியும்?" என்றார்.

அன்று மாலை விஷயத்தை வீட்டில் வைத்தார். கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எதைச் சொன்னாலும் கையில் ஒரு பூட்டைத் திருகிக்கொண்டேதான் கேட்பார்.

"உங்க அதிகாரிகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா ஏணிதாங்க. ஒரு மாசத்துல மறுபடியும் எட்டு. அப்புறம் செருப்புகூட நீங்கதான் மாட்டி விடணும்."

"மாட்டி விட்டுட்டுப் போறேன்."

"எனக்கு நானே மாட்டிக்கணும்."

அவர் பூட்டைக் கீழே வைத்தார். அபூர்வம். "சரி. நெனவுதானே பிரச்சனை? எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு நாங்க மண்டையிலயா வச்சுக்கறோம்? அட்டை கட்டித் தொங்க விட்டிருக்கோம். நீயும் வார்த்தையை எழுதி எதிர்ல வச்சுக்கோ."

மறுநாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை வந்தது. பதினாறு சொற்கள், கொட்டை எழுத்தில். குழாய், மீட்டர், வால்வு, கசிவு, அடைப்பு, கலங்கல் என்று வரிசையாக. மூணு எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சின்னதாகப் படம் வரைந்திருந்தார். சொல் தொலைந்தால் அட்டையில் விரலை ஓட்டிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முதலில் வந்த ரொட்டிக்கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். தனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கையை ஜன்னலுக்குள் விட்டு, "இது, இதுலேருந்து, இது" என்று மூன்று படங்களைத் தொட்டார். வால்வு, கசிவு, தெரு. புகார் முடிந்துவிட்டது. வழக்கமாக அவர் தன் மச்சான் வீட்டு விவகாரத்திலிருந்து ஆரம்பிப்பவர்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. "மூணாம் நம்பர்ல ஒரு நிமிஷத்துல முடியுதாம்!" மற்ற மூன்று வரிசைகளும் கரைந்து மூன்றாம் வரிசையில் சேர்ந்தன. மறக்கிற சொல்லுக்கு ஒரு வழி செய்யப்போய், மூணுவுக்கு நான்கு மடங்கு கூட்டம் வந்தது.

கூட்டம் அதிகமானால் உட்காரும் நேரமும் அதிகம். நாற்பது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஸ்விட்சு வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆகவே மூணு எழுந்து நின்றார். நின்றுகொண்டே புகார் எழுதினார்.

வரிசையில் நின்ற முடிதிருத்துபவர் திகைத்துப்போனார். திட்டுவதற்கென்றே வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. அத்தனையையும் விட்டுவிட்டுக் கேட்டார்.

"எனக்காகவா மேடம் எழுந்தீங்க?"

மூணு என்ன சொல்வார்? உங்களுக்காக இல்லை, என் தட்டுக்காக என்றா சொல்ல முடியும்? "பரவாயில்லைங்க, சொல்லுங்க," என்றார்.

"நான் நாள் பூரா நின்னு வேலை செய்யறவன். எத்தனையோ ஆபீசுக்குப் போயிருக்கேன். எனக்குன்னு எவனும் எழுந்து நின்னதில்லை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி மெதுவாவே வரட்டும் மேடம். அவசரமில்லை."

மறுநாள் வரிசை வாசல் வரை போனது.

இதற்குள் வாய் வறட்சி வேறு. நாக்கு மேலண்ணத்தில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேசுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் சொல் வெளியே வரும். கூடத்து மூலையிலிருந்த குழாயில் ஒரு சொம்பு பிடித்து எதிரே வைத்துக்கொண்டார். கேள்வி கேட்டால், ஒரு மிடறு, பிறகு பதில். வெளியே இருப்பவர்களுக்கு அது ஆழ்ந்த யோசனையாகத் தெரிந்தது. கத்திக்கொண்டு வந்தவர்கள் அந்த ஒரு மிடறு நேரம் காத்திருப்பதற்குள் கத்துவதை மறந்தார்கள். அதோடு போகவில்லை. "நம்ம தண்ணியை அந்தம்மாவே குடிக்கறாங்கப்பா! அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. தண்ணீர் வாடை அடிக்கிறது என்ற புகார் ஒரே வாரத்தில் பாதியாகக் குறைந்தது. பத்து வருஷமாகப் பொறியாளர்கள் மருந்து கலந்து குறைக்க முடியாத வாடை அது.

அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். குள்ளமான மனிதர், பெரிய பெரிய வரைபடங்களில் பிரியம் உள்ளவர். மூன்றாம் ஜன்னலை அரை மணி நேரம் பார்த்தார். போய்விட்டார். சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. நான்கு ஜன்னல்களிலும் இனி பட அட்டை வைக்க வேண்டும். பொதுமக்களிடம் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். பதிலுக்கு முன் ஒரு மிடறு தண்ணீர் அருந்த வேண்டும்.

மூன்றாவது நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரெண்டு வந்தார்.

"மூணு, உனக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"நான் என்ன பண்ணேன் ரெண்டு?"

"நிக்கிறியே! அதுக்கு மேல என்ன பண்ணணும்?"

"எனக்கு நின்னாதான்..." மூணு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நின்னாதான் மக்கள் முகம் தெரியுது."

"முகமா? ஒரு நாளைக்கு நாப்பது மிடறு தண்ணி! பேர் எழுதறதுக்குள்ள ரெண்டு தடவை ஓட வேண்டியிருக்கு. அந்த நாலைப் பாரு, ஓடிப் போய்ட்டு வந்து புகார்க்காரனையே 'நீ எதுக்கு வந்தே'ன்னு கேக்கறான்."

மூணுவுக்கு மனசு கேட்கவில்லை. நாம் உட்கார்ந்தால் மற்றவர்களும் உட்காரலாமே என்று, நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தையை வீட்டிலிருந்து எடுத்து வந்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். ஆறாவது நிமிஷம் அதிகாரி வந்து நின்றார்.

"என்னம்மா, உட்கார்ந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

மூணு ஸ்பிரிங் மாதிரி எழுந்தார். "பேனா விழுந்துடுச்சு சார்."

"அதானே பார்த்தேன். நீங்க உட்காரலாமா? உங்களைப் பத்தித் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கேன். வியாழக்கிழமை அங்கேருந்து ஒருத்தர் வர்றார். இந்த முறையை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும்."

பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு சொல் தொலைகிற நிலையில், அட்டையும் கையில் இல்லாமல், பத்து நிமிஷம். நடுவில் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் மாத்திரை. மாத்திரை என்றால் ஏணி.

நரம்பு டாக்டர் அம்மா மூணுவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது.

"இப்ப வலி எவ்வளவு?"

"நாலு புள்ளி இரண்டு டாக்டர்."

"புள்ளியெல்லாம் வேண்டாம்மா. நாலுன்னா போதும்."

"நேத்து நாலு புள்ளி அஞ்சு. வித்தியாசம் காட்டணும் இல்ல?"

டாக்டர் சிரித்தார். "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் மாத்திரை என்ன கலர்னுகூடச் சொல்ல மாட்டாங்க. நீங்க எந்த மணிக்கு எந்த வார்த்தை போச்சுன்னு எழுதியிருக்கீங்க. காலை மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துலதான் எல்லாம் போகுது, பாருங்க. காலையில அளவைக் குறைச்சு மாலையில கூட்டிடலாம். ஒரு வாரம், பத்து நாள்ல பழகிடும்."

"வியாழன் நாளை மறுநாள் டாக்டர். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுட்டா? எனக்கு எல்லா வார்த்தையும் வேணும்."

"திடீர்னு விடவே கூடாது. குறைக்கறதா இருந்தாலும் நான் சொல்லித்தான் குறைக்கணும். வியாழக்கிழமை வந்துட்டுப் போயிடும்மா, நரம்பு நாளைக்கும் இருக்கும்."

மூணு தலையாட்டினார். உண்மையாகத்தான் ஆட்டினார். ஆனால் வியாழக்கிழமை காலை, குறைந்த அளவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கணவரிடம் பேச்சை ஒப்பித்துப் பார்த்தபோது, மூன்றாவது வரியில் 'பொதுமக்கள்' காணாமல் போனார்கள்; மாலையில் கூட்டிய மாத்திரை இன்னும் இறங்கவில்லை. "அந்த... வெளியே நிப்பாங்களே, நிறைய பேர்..." மூணு மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டு மூடினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் மீறிய முதல் விதி அது. நோட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். பொய் எழுதக் கை வரவில்லை.

பத்து மணிக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. பத்தேகாலுக்குக் கூட்டமாக வந்தன. குழாய், இணைப்புக் குழாய், நீர்த்தேக்கம், வடிகட்டி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த செய்யுள் ஒன்று. அட்டையைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். பத்து முப்பத்தைந்துக்கு ஸ்விட்சு விழுந்தது. விழுந்தது அணையவில்லை.

நின்றால் இடுப்பில் தீ. உட்கார்ந்தால் தொடையில் தீ. அப்படிப்பட்ட நேரத்தில் உடம்புக்கு ஒத்துவருகிற நிலை ஒன்றே ஒன்றுதான்: தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைப்பது. வெளியே முப்பது பேர். தலைமை அலுவலகத்துக்காரர் பதினொரு மணிக்கு. இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது.

மூணு படுத்தார். புகார்த் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். மல்லாந்து எழுதினால் பேனா எழுதாது. அதையும் யோசித்துத்தான் பென்சில்.

"அடுத்து!" என்றது ஆளில்லாத ஜன்னல்.

பால்காரர் எட்டிப் பார்த்தார். "மேடம், கால் மட்டும்தான் தெரியுது."

"கால் இருக்கட்டும். புகாரைச் சொல்லுங்க."

"மீட்டர் ஓடவே மாட்டேங்குது."

"வீட்டு எண்? நின்னு எத்தனை நாள் ஆச்சு? சரி. நாளைக்கு ஆள் வருவார். அடுத்து!"

நான்கு புகார், ஐந்து, ஆறு. வேகம் குறையவில்லை. பக்கத்து ஜன்னலிலிருந்து ரெண்டு தலையை நீட்டிப் பார்த்தவர், அலறியே விட்டார்.

"ஐயையோ மூணு! என்ன இது, புது முறையா? எழுந்திரும்மா, உன் கால்ல விழறேன். அந்த ஆள் பார்த்தா நாளையிலேருந்து எங்க எல்லாரையும் படுக்கச் சொல்வார்!"

"கத்தாதே ரெண்டு. பத்து நிமிஷம் குடு. சரியாயிடும்."

சரியாகவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அதிகாரியின் குரல் கேட்டது. "இதுதான் சார், எங்க பெருமைக்குரிய மூணாம் ஜன்னல்."

தலைமை அலுவலகத்துக்காரர் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே நாற்காலி. நாற்காலி மேல் இரண்டு கால்கள்.

"அடுத்து!" என்றன கால்கள்.

அதிகாரியின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. "இது... வந்து சார்... பொதுமக்களைத் தரை மட்டத்திலிருந்து அணுகற ஒரு புது..."

அந்தப் பொய்யை அப்படியே பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ரெண்டு அதைத்தான் செய்திருப்பார். மூணு ஜன்னல் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு அங்குலமாக எழுந்து நின்றார்.

"முறை இல்லை சார். முதுகு."

அன்றைக்குப் பார்த்துச் சொல் ஒன்றும் குறைவில்லை. மூணு முதலிலிருந்து சொன்னார். அட்டை வைத்தது மறதியால். நின்றது உட்கார முடியாததால். தண்ணீர் குடித்தது நாக்கு உலர்ந்ததால். மாத்திரையால் வலி பாதியானது. மற்ற பாதியையும் மாத்திரை கொடுத்த தொல்லைகளையும் இப்படித்தான் சமாளித்து வந்தது. இன்றைக்குப் பேச்சுக்காக மாத்திரையை நிறுத்தியது தன்னுடைய முட்டாள்தனம். டாக்டர் மேல் தப்பில்லை. "பாராட்டெல்லாம் எனக்குச் சேராது சார். ஆனா இந்தப் பதினொரு புகாரும் சரியா எழுதியிருக்கு. பார்த்துக்கோங்க." நான்கு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முடிதிருத்துபவர். "எதுக்காக நின்னா என்ன மேடம்? நின்னீங்கல்ல."

தலைமை அலுவலகத்துக்காரர் பதினொரு தாள்களையும் வாசித்தார். வீட்டு எண்கூட ஒன்று பிசகவில்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருந்தது.

"நான் முப்பது ஆபீஸ் பார்த்திருக்கேன். நிமிர்ந்து உட்கார்ந்துக்கிட்டே இப்படி எழுதறவங்களைப் பார்த்ததில்லை," என்றார். "அட்டையும் தண்ணியும் இருக்கட்டும். நிக்கறதை மட்டும் அவங்கவங்க விருப்பத்துக்கு விட்டுடுங்க." ரெண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்தார். "ஆனா, அம்மா, விதின்னு ஒண்ணு இருக்கே. நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே உங்களை ஜன்னல்ல வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இன்னியிலேருந்து ரெக்கார்டு ரூம்."

உட்கார்ந்த ரெண்டு மறுபடி எழுந்துவிட்டார்.

மூணு முதலில் டாக்டருக்குப் போன் செய்தார். திட்டு வாங்கினார். சொன்னபடி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் படுத்திருந்து, நடக்க முடிந்ததும் கிளம்பினார். ரெண்டு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மூணு, நான் ஏதோ கோவத்துலதான்... நீ இந்த ஜன்னல்ல நின்ன மாதிரி எவனாலயும் நிக்க முடியாது."

"விடு ரெண்டு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு."

படிக்கட்டின் தலைப்பில் பையைக் கொடுத்துவிட்டு ரெண்டு நின்றுவிட்டார். ஒரு படிகூடக் கீழே கால் வைக்கவில்லை.

இருபத்திரண்டு படிகள். மூணு கைப்பிடியைப் பிடித்து, எண்ணிக்கொண்டே இறங்கினார். நடுவில் நின்று நோட்டைத் திறந்தார். வலி: ஆறு. இன்று போனவை: ஜன்னல். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. ஏணியில் முதல் நாள் எத்தனை படி ஏறலாம், எந்தக் காலை முதலில் வைக்கலாம், கணவரைக் கொண்டு ஒரு கொக்கி செய்து பதிவேடுகளைக் கட்டி இறக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே மீதிப் படிகளையும் இறங்கி, இரும்புக் கதவைத் தட்டினார்.

பாதாளம் கதவைத் திறந்தார். கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

உள்ளே நல்ல வெளிச்சம். பதிவேடுகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல், மெல்லிய மெல்லிய கட்டுகளாகப் பிரித்துச் சுவரோரம் வரிசையாக நின்றன. தூக்குவதற்கு அவசியமே இல்லாமல் சக்கரம் வைத்த வண்டி. நின்றுகொண்டு எழுத உயரமான மேஜை. அதன் மேல் சுவரில், யார் யாருக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று ஒரு பட்டியல். மெத்தை போட்ட நீள பெஞ்சில், ஆறு வருஷத்துக்கு முன் இடுப்பு பிடித்துக் காணாமல் போன பழைய மீட்டர் இன்ஸ்பெக்டர் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஸ்டூலில் போட்டுக்கொண்டு, மார்பின் மேல் பதிவேட்டை வைத்து டெலிபோனில் யாருக்கோ கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ மணி அடித்தது. அவர் போனை வைத்துவிட்டு எழுந்து, அறையை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி படுத்தார்.

மூணு வாசலிலேயே நின்றார். கூரையைப் பார்த்தார், நான்கு மூலைகளையும் பார்த்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக. "ஏணி எங்கே?"

பாதாளம் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏணியாவது ஒண்ணாவது! வாரா வாரம் கூனிக் குறுகி முனகிக்கிட்டே மேலே வந்து அந்தக் கதையைக் கட்டி விட்டதே நான்தாம்மா. இல்லேன்னா இந்நேரம் மேலே இருக்கற அத்தனை பேரும் சர்டிபிகேட்டோட இங்கே வந்து படுத்திருப்பாங்க, நிஜமா முதுகு வலிக்கிறவங்களுக்கு எங்கேம்மா இடம் இருந்திருக்கும்?"